மாதிரி பேனல்

எங்கள் வாரியத்தின் முழுப்பெயர் ‘சூரியசக்தி வாயிலாக வறுமைக் குறைப்புக்கான வாரியம்’. பெயர்ப்பலகை எங்கள் கட்டடத்தின் முகப்பைவிட நான்கடி நீளமாகப் போய்விட்டதால், அதன் கடைசிப் பகுதி பக்கத்திலிருந்த கால்நடை மருந்தகத்தின் சுவரில் அறையப்பட்டிருந்தது. மாட்டுக்கு ஊசி போட வந்தவர்களில் சிலர் எங்கள் வரிசையில் நின்று, இரண்டு படிவங்களை நிரப்பி, மூன்றாவது படிவத்தில் ‘கூரையின் சாய்வு’ என்ற கேள்வியைப் பார்த்த பிறகே இடம் மாறி வந்துவிட்டதைத் தெரிந்துகொண்டார்கள். அவர்களைத் திருப்பி அனுப்பினோமே தவிர, அவர்களுடைய படிவங்களைத் திருப்பித் தரவில்லை. விண்ணப்பித்தோர் எண்ணிக்கையில் அவர்களும் இருக்கிறார்கள்.

நான் அங்கே ஒயர்மேன். பதினோரு வருடமாகத் தற்காலிக ஒயர்மேன். தற்காலிகம் என்றால் காலையில் வரும்போது ஒரு கையெழுத்துப் போட வேண்டும், மாலையில் போகும்போது ஒரு கையெழுத்துப் போட வேண்டும், நடுவில் யார் என்ன சொன்னாலும் தலையாட்ட வேண்டும். நிரந்தரமானவர்களுக்குக் காலைக் கையெழுத்து மட்டும் போதும். அந்த ஒரு கையெழுத்தைக் குறைத்துக்கொள்வதற்காக நான் செய்ததைத்தான் இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

மாதத்தின் முதல் திங்கள்கிழமை முன்னேற்றக் கூட்டம் நடக்கும். கூட்டம் தொடங்கிய கால்மணி நேரத்தில் கரண்ட் போகும். இது எல்லாருக்கும் தெரியும் என்பதால் ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றும் பொறுப்பை என்னிடம் எழுத்துமூலமாகவே கொடுத்திருந்தார்கள். எங்கள் மொட்டைமாடியிலும் எட்டு சோலார் பேனல்கள் உண்டு. ஆனால் அவற்றுக்குத் திறப்பு விழா நடக்கவில்லை. விழாவுக்கு முன்பே பயன்படுத்திவிட்டால் விழாவில் திறப்பதற்கு என்ன இருக்கும்? ஆகவே அவை மூன்று வருடமாகத் தார்ப்பாய்க்குள் இருந்தன. வெயில் பட்டுக் கெட்டுவிடக் கூடாது என்று தார்ப்பாயின் மேல் இன்னொரு தார்ப்பாயும் போடச் சொன்னார்கள். போட்டவன் நான்தான்.

கூட்டத்தில் வாரியத் தலைவர் பேசுவார். அவர் குறிப்பு வைத்துக்கொண்டு பேசுகிறவர் இல்லை. உள்ளத்திலிருந்து பேசுவார்.

“வறுமைன்னா என்ன? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. நான் சொல்றேன். ஒரு ஏழை வீட்டுக்குள்ள போறோம். என்ன தெரியுது? ஒண்ணும் தெரியல. ஏன்? இருட்டு. அங்க ஒரு பல்பைப் போடுறோம். இப்போ என்ன தெரியுது? சுவர் தெரியுது, பானை தெரியுது, ஆள் தெரியுது. இவ்வளவும் வெச்சிருக்கிறவனை எப்படிய்யா ஏழைன்னு சொல்றது?”

எல்லாரும் கை தட்டினார்கள். அந்த நேரம் பார்த்து ஜெனரேட்டர் இருமியது. தலைவர் என்னைப் பார்த்தார். நான் டீசல் கேனைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். திரும்பி வந்து, விட்ட கைதட்டலையும் சேர்த்துத் தட்டினேன்.

அறுநூறு குடும்பங்களுக்குக் கொடுக்க அறுநூறு பேனல்கள் வாங்கப்பட்டிருந்தன. இது பொய்யில்லை. லாரிகளிலிருந்து இறக்கி அடுக்கியவர்களில் நானும் ஒருவன். அவை எங்கள் ஸ்டோருக்குள் போயின. பிறகு முதல் வீட்டுக்கு ஒரு பேனல் எடுத்துவர என்னை அனுப்பினார்கள்.

ஸ்டோர்காரர் நேர்மையான மனிதர். இருபத்தொன்பது வருடத்தில் அவருடைய ஸ்டோரிலிருந்து ஒரு போல்ட்கூடத் திருட்டுப் போனதில்லை. முறையாகவும் அதிகம் போனதில்லை. நான் சீட்டை நீட்டியதும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“பழசு எங்க?”

“பழசு ஏதுங்க? இதுவரைக்கும் சோலாரையே பாக்காத வீடு.”

“பழசை ஒப்படைச்சாத்தான் புதுசு. விதி.”

“அது டியூப்லைட்டுக்குப் போட்ட விதிதானுங்களே?”

“டியூப்லைட்டுன்னு போடலையே. மின்சாதனம்னுதான் போட்டிருக்கு. இது மின்சாதனமா இல்லையா? நீதானப்பா ஒயர்மேன், நீயே சொல்லு.”

மின்சாதனம்தான் என்று சொன்னேன். அவர் திருப்தியாகத் தலையாட்டிவிட்டு மெழுகுவத்தியைப் பதிவேட்டுக்குப் பக்கத்தில் நகர்த்திவைத்தார். கரண்ட் போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. அவருக்குப் பின்னால், கூரை வரைக்கும், அறுநூறு சோலார் பேனல்கள் அட்டைப்பெட்டிக்குள் நின்றன.

விதியை மாற்றச் சொல்லி மேலே எழுதினோம். நாற்பது நாளில் பதில் வந்தது. பழைய விதியின் மூலப்பிரதியை இணைத்து அனுப்பினால் பரிசீலிப்பதாகச் சொல்லியிருந்தார்கள். மூலப்பிரதி ஸ்டோரில் இருந்தது. வாங்கப் போனேன்.

“பழசு எங்க?” என்றார் ஸ்டோர்காரர்.

இப்படி ஒரு வருடம் போன பிறகு, கண்காணிப்பாளர்தான் வழி கண்டுபிடித்தார். அவர் எனக்கு நேர் மேலதிகாரி. சுறுசுறுப்பானவர். எந்தப் பிரச்சினையையும் அது இருக்கும் இடத்திலேயே விட்டுவிட்டு, அதைச் சுற்றிப் போகத் தெரிந்தவர். எங்கள் அறையில் ஒரு பேனல் இருந்தது. டெண்டர் சமயத்தில் கம்பெனிக்காரர்கள் மாதிரிக்காகக் கொண்டுவந்து விட்டுப் போனது. கதவுப்பலகை அளவுதான் இருக்கும். நாங்கள் அதை இரண்டு ஸ்டூலின்மேல் படுக்கவைத்து, டீ கிளாஸ் வைக்கப் பயன்படுத்திக்கொண்டிருந்தோம். மாதிரி என்பதால் அது ஸ்டோர் பதிவேட்டில் ஏறவில்லை. ஏறாத பொருளுக்கு விதி இல்லை.

கண்காணிப்பாளர் டீ கிளாஸ்களை எடுத்துக் கீழே வைத்தார். பேனலைத் துடைத்தார்.

“இதை ஒரு வீட்டுல பொருத்துறோம். போட்டோ எடுக்கிறோம். கையெழுத்து வாங்குறோம். கழட்டுறோம். அடுத்த வீட்டுக்குப் போறோம்.”

“கழட்டுறதா சார்?”

“பொருத்துறதுதான்யா நம்ம வேலை. அங்கேயே இருக்கிறது பேனலோட வேலை. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதே.”

“கழட்டினப்புறம் அவங்க என்ன சார் பண்ணுவாங்க?”

“நாம போறதுக்கு முன்னாடி என்ன பண்ணிட்டிருந்தாங்க?”

“இருட்டுல இருந்தாங்க சார்.”

“அப்போ பழக்கம்தானே?”

தலையாட்டினேன். அந்த வருடம் என் பெயர் நிரந்தரப் பட்டியலுக்கு மிக அருகில் இருந்தது.

முதல் வீடு ஒரு முடிதிருத்துகிறவருடையது. முன்னறையில் கடை, பின்னறையில் குடும்பம். தகரக் கூரைமேல் ஏறி, வெயில் நன்றாக விழும் பக்கமாகப் பேனலைச் சாய்த்தேன். கீழேயிருந்து கண்காணிப்பாளர் சத்தம் போட்டார்.

“அந்தப் பக்கம் ஏன்யா திருப்புறே? போட்டோ எடுக்கிற நான் எங்க நிக்கிறேன்?”

“ரோட்டுல சார்.”

“அப்போ ரோட்டைப் பாத்து வை. சூரியனா வந்து அறிக்கை கேக்கப்போகுது?”

ரோட்டைப் பார்த்து வைத்தேன். நிழலில் இருந்த பேனலால் ஒன்றும் எரியாது என்பதால், முந்தின நாளே பேட்டரிக்கு ஆபீஸ் ஜெனரேட்டரில் சார்ஜ் ஏற்றிக் கொண்டுபோயிருந்தேன். டீசலில் பல்பு பளிச்சென்று எரிந்தது. முடிதிருத்துகிறவர் அதைப் பார்த்துக்கொண்டே மூன்று தாள்களில் கையெழுத்துப் போட்டார். பேனல் பெற்றுக்கொண்டேன் என்பது முதல் தாள். ஒளி கிடைத்துவிட்டபடியால் என் பெயரை வறியோர் பட்டியலிலிருந்து நீக்கி, எனக்குக் கிடைத்துவந்த சலுகை மண்ணெண்ணெயையும் நிறுத்திக்கொள்ளலாம் என்பது இரண்டாவது. பராமரிப்புக்காகப் பேனலைக் கழற்றிப்போகச் சம்மதம் என்பது மூன்றாவது. மொத்தம் நாற்பது நிமிடம். கூரையிலிருந்து இறங்கும்போது அவர் என்னிடம், “எப்போ திரும்பக் கொண்டுவருவீங்க?” என்று கேட்டார். நான் ஸ்பேனரைத் துடைப்பதில் மும்முரமாக இருந்தேன்.

அதுவரை மாலையில் மண்ணெண்ணெய் விளக்கை வைத்துக்கொண்டு நாலு பேருக்காவது முடிவெட்டிக்கொண்டிருந்தவர் அவர். எண்ணெய் நின்றதும், பொழுது சாய்ந்தவுடன் கடையைச் சாத்தினார். வேலை முடிந்து வருகிறவர்கள் எல்லாரும் பொழுது சாய்ந்த பிறகுதான் வருவார்கள்.

இப்படி அதே குடியிருப்பில் நாற்பது வீடுகள். ஒவ்வொரு கூட்டத்திலும் சுவரில் தொங்கிய வரைபடத்தில் கோடு மேலே மேலே ஏறியது. “நாப்பது குடும்பம் வறுமையிலேர்ந்து வெளிய வந்திருக்கு!” என்றார் தலைவர். கணக்கில் தவறில்லை. வறியோர் பட்டியலில் நாற்பது பெயர்கள் குறைந்திருந்தன. அந்தக் குடியிருப்பில் நாற்பது வீடுகள் முன்பைவிட இருட்டாக இருந்தன.

அந்தத் தெரு வழியாகத்தான் நான் தினமும் வீட்டுக்குப் போக வேண்டும். எனக்கு ‘கழட்டி’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஒருநாள் முடிதிருத்துகிறவர், வாசலில் நாலு பேர் உட்கார்ந்திருக்கும்போது, கை எடுத்துக் கும்பிட்டு வரவேற்றார்.

“வாங்க கழட்டி, வாங்க! எங்க வீட்டுச் சுவத்துல ஒரு ஆணி மிச்சமிருக்கு. அதை விட்டுட்டுப் போயிட்டீங்களே. வந்து கழட்டிக்கிட்டுப் போங்க.”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காமல் இருந்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

அந்தக் குடியிருப்பின் கடைசி வீடு என் அக்காவுடையது. மாமா போய் ஆறு வருடமாகிறது. அக்கா தையல் மெஷினை மிதித்துத்தான் குடும்பம் நடத்தினாள். இரண்டு வருடத்துக்கு முன்பு வலது முழங்கால் கெட்டுப்போய்விட்டது. இனிமேல் மிதிக்கவே கூடாது என்றார் டாக்டர். பழைய சாமான் கடையில் ஒரு சின்ன மோட்டார் கிடைத்தது. நான்தான் அதைச் சுத்தம் செய்து மெஷினில் பொருத்திக் கொடுத்தேன். மோட்டார் இருந்தது, மெஷின் இருந்தது, கரண்ட் இல்லை. மின்கம்பம் அந்தக் குடியிருப்புக்கு இரண்டு தெரு முன்னாலேயே நின்றுவிட்டது. அக்கா பழையபடி இடது காலால் மிதித்துக்கொண்டு, நாளைக்கு ஒன்று இரண்டு என்று கிழிசல் தைத்துக்கொண்டிருந்தாள்.

அந்தச் சமயத்தில் வெளியிலிருந்து ஒரு நிபுணர், திட்டத்தைப் பார்வையிட வருவதாகத் தகவல் வந்தது. கண்காணிப்பாளர் என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். பதினோரு வருடத்தில் அவர் என்னை உட்காரச் சொன்னது அதுதான் முதல் தடவை.

“வெறும் பல்பைக் காட்டினா இந்த ஆளுக்குப் பத்தாதாம். சோலாரால வருமானம் பெருகுற மாதிரி காட்டணும். யாராவது மெஷின் கிஷின் வெச்சிருக்காங்களா?”

“எங்க அக்கா தையல் மெஷின் வெச்சிருக்காங்க சார். மோட்டாரே மாட்டியிருக்கு.”

வாயை மூடுவதற்குள் சொல்லிவிட்டேன் என்று சொல்ல எனக்கு ஆசைதான். ஆனால் யோசித்துத்தான் சொன்னேன். இவ்வளவு பெரிய ஆள் பார்த்துவிட்டுப் போன பேனலைக் கழற்றமாட்டார்கள் என்று ஒரு பக்கம் நினைத்தேன். இன்னொரு பக்கம் நினைத்ததைக் கண்காணிப்பாளரே சொன்னார்: “நல்லபடியா முடியட்டும். நிரந்தரப் பட்டியல் என் டேபிள்மேலதான் இருக்கு.”

விஷயத்தைச் சொன்னதும் அக்கா மெஷினைத் துடைக்க ஆரம்பித்துவிட்டாள். அடுத்த வாரமே பள்ளிக்கூடத்துக்குப் போய், புது வருடத்துக்கான சீருடையில் அறுபது சட்டையை ஒப்புக்கொண்டு, துணியைக் கட்டாகத் தூக்கிவந்துவிட்டாள்.

“அக்கா, அதுக்குள்ள ஏன் ஒத்துக்கிட்டே? அந்தப் பேனல்... ஆபீஸ் விஷயம். ஒண்ணும் சொல்ல முடியாது.”

“என்னடா சொல்ல முடியாது? மத்தவங்க வீட்டுல கழட்டினே, சரி, உத்தரவு. என் வீட்டுல கழட்டுவியா என்ன?”

கேட்டுவிட்டு, பாபினில் நூல் சுற்ற ஆரம்பித்தாள். பதில் தேவையில்லாத கேள்வி என்று நினைத்திருக்க வேண்டும்.

மறுநாள் கண்காணிப்பாளரிடம் கேட்டேன். அக்கா வீட்டோடு பேனலை விட்டுவிடலாமா என்று.

“விட்டுட்டா நாப்பத்திரெண்டாவது வீட்டுக்கு எதை மாட்டுவே? உங்க அக்கா ஒருத்திக்காக ஐநூத்தி அம்பத்தொம்பது குடும்பத்தை ஏழையாவே வெச்சிருக்கச் சொல்றியா? நீ இவ்வளவு சுயநலக்காரன்னு நான் நினைக்கல.”

எனக்கே என்னைப் பற்றி அப்படித்தான் தோன்றியது. ஆனால் காரணம் வேறு.

அங்கிருந்து ஸ்டோர்காரரிடம் போனேன். இந்தத் தடவை சீட்டு எதுவும் கொண்டுபோகவில்லை.

“ஒரு சந்தேகம். கொடுத்த பேனல் உடைஞ்சுபோச்சுன்னா?”

“உடைஞ்சதைக் கொண்டா. அதுதான் பழசு. வாங்கி வெச்சுக்கிட்டுப் புதுசு ஒண்ணு தருவேன்.”

“பதிவேட்டுல இல்லாத பேனலா இருந்தா?”

“ஒப்படைக்கிற பழசு பதிவேட்டுல இருக்கணும்னு விதி இல்ல. யார் வீட்டுல இருந்தப்போ உடைஞ்சுதோ, அந்தப் பயனாளி பேருக்குப் புதுசு எழுதணும். எழுதிட்டா அது அவங்க பேர்ல ஏறிடும். அப்புறம் தலைவரே வந்தாலும் கழட்ட முடியாது.” அவர் பெட்டிகளைத் திரும்பிப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். “எனக்கும் ஆசைதாம்ப்பா. ஒரு பெட்டியையாவது திறந்து, உள்ள எப்படி இருக்குன்னு பாக்கணும்.”

“உடைச்ச ஆளுக்கு?”

“ஊழியன் கைதவறி உடைச்சிருந்தா அவன் பேரைச் சிவப்பு மையில எழுதி மேல அனுப்பணும். சிவப்பு மை ஏறின எவனும் நிரந்தரமானதா நான் பாத்ததில்ல.”

இவ்வளவுதான் விஷயம். ஒரு பேனல் உடைந்தால் அக்காவுக்குப் பேனல். உடையாவிட்டால் எனக்கு வேலை. வாரியத்தில் சேர்ந்த நாளிலிருந்து இவ்வளவு தெளிவான விதியை நான் கேட்டதில்லை.

நிபுணர் வருவதற்கு முந்தின நாள் சாயங்காலம் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்டோர்காரர் சொன்னதையும் விடவில்லை. அவள் காலர் துணிகளை வெட்டிக்கொண்டே கேட்டாள்.

“ஆக, அது உடைஞ்சாத்தான் எனக்கு.”

“ஆமாக்கா.”

“உடைஞ்சா உனக்கு அந்த வேலை கிடைக்காது.”

நான் கத்தரிக்கோலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது வெட்டுவதை நிறுத்தவில்லை.

“பதினோரு வருஷம் இல்ல?” என்றாள்.

“ஆமா.”

“சாப்பிட்டியா?” என்றாள்.

மறுநாள் காலை வாரியமே அந்தக் குடியிருப்புக்கு வந்தது. பதாகை கட்டுவதற்கு வேனிலிருந்த ஏணியை எடுத்துக்கொண்டுவிட்டார்கள். அதனால் அக்கா வீட்டு ஏணியிலேயே ஏறினேன். அன்றைக்கு ஒரே ஒரு காரியம் நியாயமாகச் செய்தேன். “விருந்தாளிங்க இந்தப் பக்கம்தான் நிப்பாங்க சார்” என்று கண்காணிப்பாளரிடம் பொய் சொல்லி, பேனலை வெயில் பக்கம் திருப்பினேன். அது தயாரான நாளிலிருந்து முதல்முறையாகச் சூரியனைப் பார்த்தது.

கீழே அக்கா சுவிட்சைப் போட்டாள். மெஷின் ஓடியது. டீசலில் ஏற்றிய பேட்டரியில் இல்லை, நேராக வெயிலில். கெட்டுப்போன காலை முன்னால் நீட்டிவைத்துக்கொண்டு தைத்தாள். இரண்டு வருடமாக மெஷின்முன் உட்காரும்போதெல்லாம் அவள் முகத்தில் இருக்கும் ஒரு சுளிப்பு அன்றைக்கு இல்லை. தோள் தைத்தாள், கை தைத்தாள். “தம்பி, இதைப் பாரேன், மிதிக்காமலே போகுது” என்று, மோட்டாரை மாட்டியவனிடமே சொன்னாள்.

நிபுணர் வந்தார். ஒருவர் அவருக்குக் குடை பிடித்தார். முதலில் கொஞ்ச நேரம் மெஷினைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, ஒலிபெருக்கியைக் கையில் வாங்கினார். பிறகு கண்காணிப்பாளரிடம் குனிந்து ஏதோ சொன்னார். கண்காணிப்பாளர் ஓடிவந்தார்.

“அம்மா, அந்த மெஷினைக் கொஞ்சம் நிறுத்துங்க. ஐயா வருமானம் பெருகுறதைப் பத்திப் பேசப்போறார். சத்தம் இடைஞ்சலா இருக்காம்.”

அக்கா நிறுத்தினாள். முக்கால் மணி நேரம் மெஷின் நின்றது. நிபுணர் பேசினார்.

“ஏழைங்ககிட்ட எதுவும் இல்லைன்னு சொல்றது தப்பு. வெயில் இருக்கே! இங்க வந்து அஞ்சு நிமிஷம் நின்னேன், எனக்குத் தாங்கல. எங்க ஆபீஸ்ல இந்த வெயில் கிடையாது. ஏசி. அந்த வகையில பாத்தா நாங்கதான் ஏழைங்க, நீங்க பணக்காரங்க. இவ்வளவு வெயிலை வெச்சுக்கிட்டும் ஒருத்தர் கஷ்டப்படுறார்னா, அவருக்கு விழிப்புணர்வு பத்தலைன்னு அர்த்தம்.”

தலைவர் எழுந்து, வறுமை நீங்கியமைக்கான சான்றிதழை அக்காவிடம் கொடுத்தார். அதில் பயனாளி எண் நாற்பத்தொன்று என்று அச்சடித்திருந்தது. ஏதாவது சொல்லம்மா என்று ஒலிபெருக்கியை நீட்டினார்கள். நன்றி என்று சொல்வதற்காகத்தான் நீட்டினார்கள்.

“ஐயா, இது எத்தனை நாள் இருக்கும்?” என்று கேட்டாள் அக்கா.

நிபுணர் மகிழ்ந்துபோனார். “நாளா? இருபத்தஞ்சு வருஷம் உத்தரவாதம்மா!”

எல்லாரும் கை தட்டினார்கள். கண்காணிப்பாளர் தட்டிக்கொண்டே கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வாசலில் நின்ற முடிதிருத்துகிறவர் மட்டும் தட்டவில்லை. அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் தட்டினேன்.

பிறகு டீ, பிஸ்கட். அவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில் அக்கா மறுபடி மெஷினை ஓட்டி, முதல் சட்டைக்குக் காலர் வைத்து முடித்தாள். இரண்டாவதை எடுத்துத் தோளைப் பொருத்தினாள். கார்கள் கிளம்பின. மூன்று தாள்களிலும் கையெழுத்து வாங்கியாயிற்று. கண்காணிப்பாளர் ஒரு மரநிழலில் போய் நின்று யாருக்கோ போன் போட்டார். என்னைப் பார்த்துக் கையை மேலே காட்டினார். ஏறு என்று அர்த்தம்.

ஏறினேன். பதிமூன்றாம் நம்பர் ஸ்பேனர். நான்கு போல்ட். ஒயரைப் பிரித்ததும் கீழே மெஷின் சத்தம் ஒரு தையலின் நடுவில் நின்றது. நான்காவது போல்ட்டும் கழன்று பேனல் என் கைக்கு வந்தது.

கூரை விளிம்பில் நின்றேன். கண்காணிப்பாளர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார். கை வியர்த்திருந்தது. காரணம் கேட்டால் சொல்வதற்கு அதுவே போதும். பெரிதாக எதுவும் செய்ய வேண்டியதில்லை. பிடியைத் தளர்த்தினால் போதும்.

அக்கா வெளியே வந்தாள். அண்ணாந்து பார்த்தாள். கூரை விளிம்புக்கு நேர் கீழே சீருடைத் துணிக்கட்டு இருந்தது. அதை எடுத்து அந்தப் பக்கம் வைத்தாள். அங்கே கிடந்த தண்ணீர்க்குடத்தையும் நகர்த்தினாள். இப்போது அந்த இடத்தில் கல் பாவிய தரையைத் தவிர எதுவும் இல்லை. ஒரு பேனல் விழுவதற்கு வேண்டிய இடத்தை எனக்குச் சுத்தம் செய்து கொடுத்துவிட்டு, ஏணிக்கு அருகில் வந்து நின்றாள்.

நான் எவ்வளவு நேரம் அங்கே நின்றேன் என்று தெரியவில்லை. அந்த நேரத்தில் அக்காவின் முழங்காலை நினைத்தேன் என்று எழுத வேண்டும். நினைக்கவில்லை. காலையில் ஒரு கையெழுத்து, மாலையில் கையெழுத்து இல்லை என்பதைத்தான் நினைத்தேன்.

பேனலைப் போர்வையில் சுற்றினேன். நான்கு முனையையும் கயிறு போட்டுக் கட்டினேன். தோளில் சாய்த்து, ஒரு கையால் அணைத்துக்கொண்டு, ஏணியில் கால் வைத்தேன். என் வாழ்நாளில் எந்தப் பொருளையும் அவ்வளவு பத்திரமாக இறக்கியதில்லை.

மறுமாதம் நிரந்தர உத்தரவு வந்தது. ‘வாரியத்தின் சொத்தைக் கையாள்வதில் காட்டிய அக்கறையைக் கருத்தில் கொண்டு’ என்று அதில் ஒரு வரி இருந்தது. அக்கா மோட்டாரைக் கழற்றிவைத்துவிட்டு, பெல்ட்டைத் திரும்ப மாட்டி மிதித்தாள். விளக்குக்கு மண்ணெண்ணெய் இல்லாததால் பகலில் மட்டும் மிதித்தாள். முப்பத்திரண்டாவது சட்டையில் இடது காலும் வீங்கிவிட்டது. மீதித் துணியைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான். துணிக்கட்டை வாங்கிக்கொண்ட டீச்சர், “உங்க அக்காவுக்குத்தான் சோலார் வந்திருக்குன்னு போட்டோ பாத்தேனே” என்றார். “வந்துச்சு டீச்சர்” என்றேன்.

வரிசைப்படி பார்த்தால் இதெல்லாம் கடைசியில் வர வேண்டும். ஆனால் என்னால் அந்த ஏணியிலிருந்து இன்னும் இறங்க முடியவில்லை. பேனலோடு பாதி ஏணி வந்திருப்பேன். ஏணி ஆடியது. கீழே அக்கா, மடக்கக் கூடாத காலை மடக்கித் தரையில் ஊன்றிக்கொண்டு, இரண்டு கையாலும் ஏணியை இறுகப் பிடித்திருந்தாள். அவள் தலைக்குமேல் என் கால் இருந்தது.

“பாத்துடா தம்பி,” என்றாள். “கடைசிப் படி நிக்காது. அதுல கால் வெக்காதே.”